பச்சை ஊசிக்குக் கீழே ஓர் அட்டவணை

நீங்கள் எல்லோரும் படத்தை முதலில் செய்துவிடுகிறீர்கள். எழுத்தை மிச்சம் இருக்கும் இடத்தில் சொருகுகிறீர்கள். போன வாரம் நீங்கள் செய்த இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கோடு ஏறுகிறது, வட்டம் வீங்குகிறது, சுட்டியைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. எல்லாம் ஜோர்தான். ஆனால் பாதிப் பெட்டிகளுக்குள் ஒன்றுமே இல்லை. ஏன் என்று கேட்டேன். “எச்டிஎம்எல் போடுறது, டேபிள் சேக்குறது எல்லாம் கடைசி நாள் வேல ஆன்ட்டி” என்றார் உங்களில் ஒருவர். என் முப்பது வருட உத்தியோகமே அந்தக் கடைசி நாள் வேலைதான் தம்பி.

எழுபதுகளில் ஈப்போவில் சுகாதார வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நான் சேர்ந்தேன். அங்கே ‘பிலிக் கெராக்கான்’ என்று மலாயில் சொல்லப்படும் நடவடிக்கை அறை ஒன்று இருந்தது. அப்போது பெரிய அலுவலகம் என்றால் அப்படி ஓர் அறை இருந்தே ஆகவேண்டும். எங்கள் அறையின் சுவர் முழுக்கப் பேராக் மாநிலத்தின் வரைபடம். அதன் மேல் விதவிதமான நிறத்தில் குண்டூசிகள். வரைபடத்துக்கு முன்னால் இரும்புத் தண்டவாளத்தில் தொங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்கள். ஒரு தாளை இழுத்தால் பிரசவக் கணக்கு வரைபடத்தின் மேல் வந்து உட்காரும். இன்னொன்றை இழுத்தால் காய்ச்சல். நீங்கள் விரலால் தட்டுவதை நாங்கள் கையால் இழுத்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். அதிகம் அலட்டிக்கொள்ளாதீர்கள்.

நான் அந்தப் படங்களுக்கு எழுத்து வைப்பவள். தலைப்பு, குறிப்பு, அட்டவணை மூன்றும் என் பொறுப்பு. அட்டவணைகளைத் தட்டச்சு செய்து தருபவர் காக் ரொக்கியா. மலாய்க்காரர்களுக்கு ‘காக்’ என்றால் அக்கா. என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர், ஆனால் அலுவலகத்தில் என்னைத் திட்டும் உரிமையை முதல் நாளே எடுத்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் மேலே சீஃப். ஈப்போ டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர், மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு பிரம்பு. அந்தப் பிரம்பால் படத்தைத் தொட்டுத் தொட்டு அவர் விளக்கம் சொல்வதைக் கேட்க எனக்கே பெருமையாக இருக்கும்.

நான் செய்த முதல் தப்பைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். தலைப்பு அட்டைகளை நான் தாளில் ஒட்டாமல் பலகையில் ஒட்டியிருந்தேன். தாளை மாற்றினால் படம் மாறும், தலைப்பு மாறாது. இது எனக்கு உறைக்கவே இல்லை. மாவட்டத்துத் தாதிகள் எல்லோரும் வந்திருந்த கூட்டம் அது. எலி ஒழிப்புத் தாளைக் காட்டி முடித்துவிட்டு, சீஃப் பிரசவத் தாளை இழுத்தார். தலைப்பு அங்கேயே நின்றது. அவர் கவனிக்காமல் பிரம்பைப் பாரிட் புந்தார் பக்கம் வைத்து, கம்பீரமான குரலில், இந்த வருடம் இந்த வட்டாரத்தில்தான் அதிகமாக ஒழித்துக்கட்டியிருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் வாசித்தார். பாரிட் புந்தாரிலிருந்து வந்திருந்த தமிழ்த் தாதி ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

“சார், அதெல்லாம் நாங்க கையில ஏந்துன பிள்ளைங்க சார்.”

கூட்டம் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. சீஃப் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலைக்குள் எல்லாத் தலைப்பையும் பலகையிலிருந்து உரித்து அந்தந்தத் தாளிலேயே ஒட்டினேன். நீங்களும் போன வாரம் இதையே செய்திருந்தீர்கள். மாவட்டத்தை மாற்றினால் படம் மாறியது, மேலே இருந்த தலைப்பு பழைய மாவட்டத்தின் பெயரோடு அசையாமல் இருந்தது. போய்ச் சரி செய்யுங்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சீஃபுக்கு எழுத்து என்றாலே அலர்ஜி. “கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும் தனம். நீ என்னா, பேப்பர் கடை மாதிரி ஒட்டி வச்சிருக்க?” என்பார். அட்டவணைகளை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்க மாட்டேன் என்றேன். வாரக்கணக்கில் இழுபறி. கடைசியில் காக் ரொக்கியாதான் ஒரு வழி சொன்னார். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை, மேல் விளிம்பில் துணி நாடா, அட்டையைத் தூக்கினால் உள்ளே அட்டவணை. தூக்குவதற்கு வசதியாக அட்டையின் நுனியில் இரண்டு அங்குலம் சிவப்பு நூலைத் தொங்கவிட்டோம். சீஃப் சுத்தமான படம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டார். ஆனால் ஒரு நூல் தொங்கினால் அதை இழுத்துப் பார்க்காத மனுஷன் பேராக்கில் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் சீஃபின் பேச்சை விட்டுவிட்டு நூலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி நான் சொல்லப்போவது சிரிக்கும் விஷயம் இல்லை.

ஒரு சமயம் சிலிம் ரிவர் என்ற ஊர்ப் பக்கம் புதிதாகத் தண்ணீர்க் குழாய் போடத் திட்டம் வந்தது. குழாய் போவதற்கு இரண்டு பாதைகள். ஒன்று பெரிய சாலையை ஒட்டிப் போவது. இன்னொன்று ரப்பர்த் தோட்டங்களுக்குள் நுழைந்து ஆற்றைத் தாண்டிப் போவது. எந்தப் பாதை என்று முடிவு செய்ய கோலாலம்பூரிலிருந்து ஓர் என்ஜினியர் வருவார், எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். குழாய் ஒரு பாதையில் புதைந்துவிட்டால் அப்புறம் இன்னொரு பாதைக்கு அது வர எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

அதற்காக ஒவ்வொரு தோட்டத்துக்கும், கம்பம் என்று நாங்கள் சொல்லும் கிராமத்துக்கும் ஒரு படிவம் அனுப்பியிருந்தோம். குழாய்த் தண்ணீர் உண்டா இல்லையா, ஒரே கேள்வி. உண்டு என்றால் பச்சை ஊசி. இல்லை என்றால் சிவப்பு ஊசி. தோட்டத்துக்கு ஓர் ஊசி. படிவங்களைப் பார்த்து ஊசி குத்தியவள் நான். தோட்டத்துப் பக்கம் எல்லாம் பச்சை. சாலையோரக் கம்பங்களில் பாதி சிவப்பு. பார்த்த யாருக்கும் எந்தப் பாதை என்று சந்தேகமே வராது.

என்ஜினியர் வரும் நாள் காலை ஒன்பது மணிக்குத் தண்டவாளம் சரியாக ஓடுகிறதா என்று தாள்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்து வயிற்றுப்போக்குத் தாள் புதிதாக வந்திருந்தது. நோயாளி எங்கிருந்து வந்தாரோ அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைத் தண்ணீர் வரைபடத்தின் மேல் இழுத்தேன். புள்ளிகள் கொத்தாக ஒரு தோட்டத்தின் மேல் போய் நின்றன. அந்தத் தோட்டத்தில் பச்சை ஊசி.

நேரே கோப்பு அலமாரிக்குப் போனேன். காரணம், அந்தத் தோட்டத்துப் படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. கோப்பை எடுத்துப் புரட்டினேன். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் எழுதியிருந்தார். முன்பக்கத்தில் இடம் இல்லாததால் பின்னால் எழுதியிருக்கிறார். தோட்டத்தின் மூன்று டிவிஷன்களில், அதாவது பிரிவுகளில், முதல் இரண்டில் குழாய் எங்கே இருக்கிறது என்ற விவரம், பிறகு இது: மூன்றாம் டிவிஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே குழாய் இல்லை, குடிப்பது ஆற்றுத் தண்ணீர்தான்.

இதை நான் ஆறு வாரத்துக்கு முன்னாலேயே படித்திருந்தேன். படித்துவிட்டு எங்கே வைப்பது என்று யோசித்தேன். என் அட்டவணையில் தோட்டத்துக்கு ஒரு வரி. குறிப்பைச் சேர்த்தால் வரி இரண்டாகும், அட்டைக்குள் அடங்காது. அட்டை அழகாக இருக்கவேண்டும் என்று விட்டுவிட்டேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. நான் டவுன் பிள்ளை இல்லை. சிலிம் ரிவருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். பதினான்கு வயது வரைக்கும் தண்ணீர் சுமந்திருக்கிறேன். எங்கள் தோட்டத்திலும் ஒரு குழாய் இருந்தது, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீசுக்கு முன்னால். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவார்களே, அந்த இடத்தில். வெளியாள் யாராவது வந்து தோட்டத்தில் தண்ணீர் உண்டா என்று கேட்டால், நாங்கள் குழாயைக் காட்டி “இருக்குலா” என்று பெருமையாகச் சொல்வோம். இல்லை என்று வெளியாளிடம் சொல்வது தோட்டத்துக்கே கேவலம் என்று நினைப்பு. அந்தக் குழாயில் நான் ஒரு நாளும் குடம் பிடித்ததில்லை. அப்படிப்பட்ட நான், ‘உண்டு’ என்ற படிவத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு பச்சை ஊசியைக் குத்தினேன். வேறு ஊர்க்காரர் யாராவது அந்த வேலையில் இருந்திருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

சீஃபின் அறைக்கு ஓடினேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு பின் தப்பு. பச்ச இருக்கிற எடத்துல செவப்பு வரணும்.”

“இப்பவா? பத்து மணிக்கு ஆளுங்க வந்துருவாங்க தனம். பின்னத் தொடாத. நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டுல பச்சன்னு இருக்கு. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னா என்னைத்தான் கேப்பாங்க.”

“மூணாம் டிவிஷன் ஆளுங்க ஆத்துத் தண்ணி குடிக்கிறாங்க சார். காலரா தாள இழுத்துப் பாருங்க, புள்ளி எல்லாம் அங்கதான் இருக்கு.”

“காலரான்னு சொல்லாத! வயித்துப்போக்கு. அடுத்த வாரம் பாக்கலாம்லா.”

அடுத்த வாரம் குழாய்ப் பாதை முடிவாகியிருக்கும். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆனால் நின்று யோசித்தேன். ஊசி அவர் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டது. அதைத் திருட்டுத்தனமாக மாற்றினால் தப்பு என் மேல்தான் வரும், அப்புறம் அந்த அறையில் எந்த ஊசியையும் யாரும் நம்ப மாட்டார்கள். எழுத்து என் கையில் இருந்தது.

“சரி சார், பின்னத் தொடல. மூணாம் டிவிஷனப் பத்தி ஒரு டேபிள் போட்டு அட்டைக்குள்ள வைக்கிறேன்.”

“வை, வை. சுருக்கமா வை” என்றார் டையைப் பார்த்துக்கொண்டே.

காக் ரொக்கியாவின் மேசைக்கு வந்தபோது மணி ஒன்பதே கால். மூன்று டிவிஷனுக்கு மூன்று வரி என்றேன். அவர் தாளைச் சொருகிக்கொண்டு, முதல் கட்டத்துக்கு என்ன தலைப்பு என்று கேட்டார். குழாய் உண்டா என்று சொன்னேன். அந்தக் கேள்வியால்தானே இத்தனை வம்பும் என்று முறைத்தார். ‘குழாய் எங்கே இருக்கிறது’ என்று மாற்றினோம். முதல் டிவிஷன், ஆபீசுக்கு முன்னால். இரண்டாம் டிவிஷன், லயத்துக் கோடியில். மூன்றாம் டிவிஷனுக்கு வந்ததும், ஒன்றும் இல்லாத கட்டத்தில் தட்டச்சுக்காரர்கள் போடும் வழக்கப்படி ஒரு சின்னக் கோடு போடலாம் என்று நான் சொன்னேன். காக் ரொக்கியா கையை விசையிலிருந்து எடுத்துவிட்டார். நாங்கள் மலாயில்தான் பேசுவோம், அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“கோடு போட்டா, தெரியலன்னும் படிக்கலாம், கேக்க மறந்துட்டோம்னும் படிக்கலாம், இல்லன்னும் படிக்கலாம். உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப எழுது.”

குழாய் இல்லை, ஆற்றுத் தண்ணீர் என்று முழுசாக அடித்துத் தந்தார். அடுத்த கட்டத்தில் அந்த மாதம் மருத்துவமனைக்குப் போனவர்கள். கீழே ஒரு வரி, தகவல் தந்தவர் தோட்டத்து டிரெசர். அட்டவணை அட்டையைவிடப் பெரிதாகிவிட்டது. கீழ்ப்பகுதி அசிங்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. மடித்தேன், மடிப்பு நிற்கவில்லை. அப்படியே தொங்கவிட்டு நூலைக் கட்டினேன்.

என்ஜினியர் வந்தார். மலாய்க்காரர், கனத்த உடம்பு, பேச்சுக் குறைவு. சீஃப் பிரம்பை எடுத்து அருமையாகப் பேசினார். தோட்டத்துப் பக்கம் பச்சை, சாலைப் பக்கம் சிவப்பு, ஆகவே சாலைப் பாதை. என்ஜினியர் தலையாட்டிக்கொண்டே வரைபடத்துக்குப் பக்கத்தில் வந்தார். மடிப்பு நிற்காத அந்தத் தாளைப் பார்த்தார். நூலை இழுத்தார்.

அவர் அதைப் படித்த நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. படித்துவிட்டுத் தானே தண்டவாளத்தில் கைவைத்து வயிற்றுப்போக்குத் தாளை இழுத்தார். தள்ளினார். மறுபடியும் இழுத்தார். புள்ளிகள் பச்சை ஊசியின் மேல் வந்தன, போயின, வந்தன.

“சியாப்பா புவாட்?” என்றார். யார் செய்தது என்று கேட்கிறார்.

சீஃப் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

“சாயா, துவான்” என்றேன். நான்தான் ஐயா. “டேபிளும் நான்தான் செஞ்சேன். அந்தப் பச்சை பின்னையும் நான்தான் குத்துனேன். பின்னு தப்பு.”

அவர் என்னைக் கோபிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. பாதையை இன்றைக்கு முடிவு செய்ய வேண்டாம், நாளைக்கு அந்த இடத்தை நேரில் பார்க்கலாம் என்றார். அவர் கார் வாசலைத் தாண்டியதும் சீஃப் பிடித்துக்கொண்டார்.

“எல்லார் முன்னாலயும் என்னை இப்படி நிக்க வச்சிட்டியே! ஒரு வார்த்த சொல்லக்கூடாது?”

“சொன்னேன் சார். வை வைன்னீங்க.”

“எப்ப?”

“டை கட்டும்போது.”

அவர் டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். பிறகு, நாளைக்கு லேண்ட்ரோவரில் நீயும் வா என்று மட்டும் சொன்னார்.

முடிவு என்ன என்று நீங்கள் பறப்பது தெரிகிறது, சொல்லிவிடுகிறேன். குழாய் ஆற்றைத் தாண்டிய பாதையில்தான் போனது. மறு வருடம் மூன்றாம் டிவிஷன் லயத்துக்குள்ளேயே தண்ணீர் வந்தது. எங்கள் படிவத்தில் கேள்வி மாறியது, தோட்டத்துக்கு ஓர் ஊசி என்ற வழக்கம் போய் டிவிஷனுக்கு ஓர் ஊசி வந்தது, எத்தனையோ பச்சை ஊசிகளைப் பிடுங்கிச் சிவப்பு குத்தினேன். சீஃப் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். ஆனால் உங்களிடம் நான் சொல்ல வந்தது அந்த மறுநாளைப் பற்றி.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பலகைப் பாலத்தைத் தாண்டி லயத்துக்கு வந்தோம். பால்வெட்டு முடிந்து பெண்கள் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். என்ஜினியர் ஆற்றங்கரையைப் பார்க்கப் போய்விட்டார். நானும் சீஃபும் முதல் வீட்டு வாசலில் நின்றோம். தலைத்துணியைக்கூட அவிழ்க்காத ஓர் அக்கா, கையில் இரண்டு வாளியோடு வெளியே வந்தார். அவருடைய சின்னப் பிள்ளை அப்போது மருத்துவமனையில் இருந்தது என்று டிரெசர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

“யாரு நீங்க? ஆபீஸ்லேருந்தா?”

“ஆமாக்கா. தண்ணி விஷயமா வந்திருக்கோம்.”

“எங்களுக்குத்தான் தண்ணி இருக்காமே! குழாய் வேணும்னு கிராணிகிட்ட கேட்டதுக்கு, ஈப்போ ஆபீஸ் கணக்குல ஒங்களுக்கு இருக்குன்னு எழுதியாச்சுன்னு சொல்றாரு. யாரு எழுதுனது அத?”

அலுவலகம் என்று சொல்லியிருக்கலாம். படிவம் என்று சொல்லியிருக்கலாம். சீஃப் வாயைத் திறந்ததைப் பார்த்தேன், அப்படி ஏதோ சொல்லத்தான் போனார்.

“நான்தான்க்கா எழுதுனேன்.”

அந்த அக்கா என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இரண்டு வாளியையும் என் கையில் கொடுத்தார்.

“அப்ப போய் எடுத்துட்டு வா.”

வாங்கிக்கொண்டு போனேன். இறக்கம் வழுக்கியது. ஆறு கலங்கலாக இருந்தது. இரண்டு வாளியும் நிறைத்துக்கொண்டு மேடேறினால் கை இற்றுப்போனது. பதினான்கு வயதில் சுமந்த உடம்பு அதையெல்லாம் மறந்து போயிருந்தது. பாதித் தண்ணீர் என் சேலையில் கொட்டியது. மீதியை வாசலில் இருந்த இரும்பு டிரம்மில் ஊற்றினேன். அந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

“டிரம்மு ரொம்பணும்னா இன்னும் நாலு நட இருக்கு.”

மறுபடியும் போனேன். அழுதுகொண்டேதான் போனேன், மறைக்கவில்லை. மூன்று நடை முடித்துவிட்டு மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது, சீஃப் வாசல் படியில் உட்கார்ந்து காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கால்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“வாளிய கொடு தனம்” என்றார். “கையெழுத்து நான் போட்டது.”